அணைச்ச பிறகும் ஓடின மீட்டர்

ஈரோட்டுல ஏறுனதுலருந்து என்ற கையையே பார்த்துட்டு வர்றீங்க. கேக்கலாமா வேண்டாமான்னு யோசனை பண்றீங்க. கேளுங்க, தப்பில்ல. வண்டியில விழலீங்க. பாத்ரூம்ல வழுக்கவும் இல்ல. அடிச்சதுங்க. அடி வாங்குனதில்ல, அடிச்சது. ரெண்டு விரலு, உள்ளங்கையில ஒரு எலும்பு. டாக்டரு எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடிச்சுப்போட்டு, "சார், எதைக் குத்துனீங்க?"ன்னு கேட்டாரு. இரும்புக் கதவுன்னேன். "இரும்புக் கதவை எதுக்கு சார் குத்துனீங்க?"ன்னாரு. நான் எங்கீங்க கதவைக் குத்துனேன்? குத்துனது ஒரு பையனை. அவன் நகந்துட்டான்.

நீங்க எது வரைக்கும்? திருச்சியா. நான் கரூர் தாண்டி இறங்கோணும். அங்க ஒரு யுனிவர்சிட்டி. பேரு வேண்டாங்க, எதுக்கு வம்பு. மூணு மணிக்கு எனக்கு அங்க விசாரணைக் கமிட்டி. இந்தப் பையை மேல வெக்காம மடியில வெச்சிருக்கறதுக்கும் அதுதான் காரணம். இதுக்குள்ள ஒரு நோட்டு இருக்குது. நாப்பது பக்க நோட்டு. ஒரு பையனோட படிப்பு நிக்குமா போகுமாங்கறது இதை வெச்சுத்தான்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. எலக்ட்ரிகல் வாத்தியார். வாத்தியாரா வந்து எட்டு வருசந்தான் ஆச்சு. அதுக்கு முந்தி பதினெட்டு வருசம் ஸ்பின்னிங் மில்லு மில்லாப் போயி, கரண்டு எங்க வீணாப் போகுதுன்னு கண்டுபிடிச்சுக் குடுத்துட்டிருந்தேன். எனர்ஜி ஆடிட்டுன்னு சொல்லுவாங்க. எந்த மில்லுக்குள்ள நான் நுழைஞ்சாலும் ஃபிட்டருங்க மெசினுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவாங்க. ஒருத்தன் ஏர் பைப்புல ஓட்டையைத் துணி சுத்தி மறைச்சு வெச்சிருந்தானுங்க. அந்தத் துணியை அவுத்து, எண்ணெயும் அழுக்குமா அப்படியே அவன் வாயில திணிச்சேன். கண்ணுல தண்ணி ஊத்துது அவனுக்கு. மறுநாளு அவனே எனக்கு டீ வாங்கியாந்தான். அப்பெல்லாம் மனுசங்க நல்லவங்க. சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க.

எனக்குக் கோபம் வராதுங்க. அதை முதல்லயே சொல்லிப்போடறேன். கோபம் வேற, கண்டிப்பு வேற.

போன வருசம் மேலருந்து ஒரு உத்தரவு வந்துச்சு. ஒவ்வொரு பையனும் வேற துறைப் பாடம் ஒண்ணு எடுத்தே ஆகோணுமாம். என்ற தலையில விழுந்தது 'ஆற்றல் சிக்கனம்'. வகுப்புக்குள்ள போறேன், நாப்பத்திரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. மெக்கானிக்கல் ஆறு, கெமிஸ்ட்ரி நாலு. மிச்சம் பூரா தமிழு, வரலாறு, காமர்ஸ், மனையியல், விளையாட்டு. எனக்கு அழுகையே வந்துருச்சு. யூனிட்டுன்னா என்னடான்னு கேட்டா, காமர்ஸ் பையன் அதோட விலையைச் சொல்றான். வரலாறு படிக்கற புள்ள அணைக்கட்டு கட்டுன வருசத்தைச் சொல்லுது. பின்னாலருந்து ஒருத்தன் எந்திரிச்சான். கறுப்பா, ஒல்லியா, கழுத்து வரைக்கும் பித்தான் போட்ட சட்டை. "ஆயிரம் வாட்டுப் பல்பு ஒரு மணி நேரம் எரிஞ்சா ஒரு யூனிட்டு சார்"ன்னான். எந்தத் துறைன்னேன். எம்.ஏ. தமிழுன்னான். உனக்கு எப்பிட்றா தெரியும்னேன். "அப்பா உப்பளத்துல மோட்டார் பாக்காவ சார்"ன்னான்.

தூத்துக்குடி ஜில்லா, ஆறுமுகநேரிப் பக்கம். பூவலிங்கம்னு பேரு. பக்கத்துல இருக்கற மெக்கானிக்கல் பையன்தான் சொல்லிக் குடுத்திருப்பான்னு நெனச்சு அன்னைக்கு ரெண்டு பேரையும் வெளிய நிக்க வெச்சேன்.

அந்த மாதிரி வகுப்பை எப்படி நடத்தறது, சொல்லுங்க? கணக்கு வராது, படம் போடத் தெரியாது. ஒருத்தன் பத்தைப் பத்தால பெருக்கக் கால்குலேட்டரை எடுத்தான். பிடுங்கிச் செவுத்துல அடிச்சேன், சில்லு சில்லாப் போச்சு. அதுக்கப்புறம் எல்லாரும் மனசுலயே போட ஆரம்பிச்சாங்க. விளையாட்டுத் துறைப் புள்ள ஒண்ணு ஃபேனை நிறுத்தாம வெளிய போனா. டஸ்டரை எறிஞ்சேன், நெத்தியில பட்டுச்சு. சும்மா கீறல்தானுங்க. அன்னைலருந்து அந்த வகுப்புல ஒரு ஃபேன் வீணா ஓடுனதில்ல. இதைவிட என்ன வேணும் ஒரு வாத்தியாருக்கு?

ரெண்டே ரெண்டு விசயந்தான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். எந்தத் துறைக்காரனுக்கும் புரியற மாதிரி. முதலாவது, பார்த்ததை எழுது, நெனச்சதை எழுதாதே. மணி போட்டு, நிமிசம் போட்டு எழுது. எழுதாத எதுவும் நடக்கவே இல்ல. ஆடிட்டுல அதுதானுங்க சட்டம். நீங்க ஆயிரம் வாயில சொல்லலாம், காயிதத்துல இல்லீன்னா அது இல்ல.

ரெண்டாவது, எல்லாத்தையும் அணைச்சுப் பாரு. மில்லுல ஆயுத பூஜையன்னைக்கு மெசினை எல்லாம் நிறுத்திக் கழுவிச் சந்தனம் வெச்சிருப்பாங்க தெரியுமுங்களா? அன்னைக்குத்தான் நான் மில்லுக்குப் போவேன். அவங்க பொரி தின்னுட்டிருப்பாங்க, நான் மீட்டர் முன்னால நின்னுட்டிருப்பேன். எல்லாம் நின்னு கிடக்கறப்ப மீட்டர் ஓடக் கூடாது. ஓடுச்சுன்னா எங்கயோ ஓட்டை, இல்லீன்னா எவனோ திருடறான். நாப்பது மில்லுல பிடிச்சிருக்கேன்.

அதைத்தான் ஆஸ்டல்ல செஞ்சு காட்டறதுன்னு முடிவு பண்ணுனேன். ஆம்பளைப் பசங்க ஆஸ்டல், மூணு மாடி, தொண்ணூத்தாறு ரூமு. கரண்டு பில்லு கன்னாபின்னான்னு வந்துட்டிருந்துச்சு. வார்டன் ரத்தினசபாபதிக்கு இஷ்டமே இல்ல. "எதுக்கு சார் ஞாயித்துக்கிழமை பசங்களை வேக விடறீங்க?"ன்னு நாலு தடவை வந்து கேட்டாரு. நான் ரிஜிஸ்ட்ரார்கிட்ட எழுதி வாங்கிட்டேன். என்னையத் தடுக்கறதுக்கு இவரு யாருங்க?

சித்திரை வெயிலு. காலையில பத்தரைக்கு ஆரம்பிச்சோம். மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது, ஒவ்வொரு ரூமுலயும் ஒவ்வொரு சுவிட்சா அணைச்சுட்டு வரோணும். அதுதான் முறை. மாடிக்கு ஒரு குழு. ஒரு குழுவுல எல்லாத் துறையும் கலந்திருக்கோணும்னு உத்தரவு. மூணாவது மாடிக்குப் பூவலிங்கம். பொம்பளைப் புள்ளைங்களை உள்ள விட மாட்டாங்க, அதனால வரலாறு படிக்கற ஆரோக்கியமேரியை வாசல்ல மீட்டர் பேனல்கிட்ட ரூம் லிஸ்டோட நிக்க வெச்சேன். ஆஸ்டல் பசங்க இருநூறு பேரு, லுங்கியும் பனியனுமா முத்தத்துல வந்து நின்னுட்டு ஊளை விடறாங்க. ஃபேன் இல்ல, வேர்த்து ஊத்துது, வெறி பிடிச்ச மாதிரி இருக்காங்க.

நான் பேனல் கதவைத் திறந்து வெச்சுட்டு எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். "தம்பிகளா, இந்தச் சிவப்பு லைட்டு மினுக்குது பாருங்க. கரண்டு போகப் போக மினுக்கும். இப்ப எல்லா ரூமும் அணைஞ்சாச்சு. ஒரு நிமிசத்துல இது நின்னுடும்." சொல்லிப்போட்டு கையைக் கட்டிட்டு நின்னேன்.

நிக்கலீங்க.

ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம். மினுக்கிட்டே இருக்குது. அதுவும் மெதுவா இல்ல, படபடன்னு. இருநூறு பேரும் சிரிச்சாங்க. எவனோ ஒருத்தன், "சார், அதுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீசுல சொல்லுங்க"ன்னு கத்தறான். எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. பதினெட்டு வருசத்துல ஒரு மில்லு முதலாளி என்னையப் பார்த்துச் சிரிச்சதில்லீங்க.

"மூணாவது மாடி யாருடா பார்த்தது?"ன்னேன்.

"நாந்தான் சார்"னு வந்தான் பூவலிங்கம்.

"எதையோ விட்டுட்டு வந்திருக்கே."

"இல்ல சார். முப்பத்திரெண்டு ரூமும் அமத்தியாச்சு. பாத்ரூம் லைட்டு அமத்தியாச்சு. சொருகிக் கெடந்த சார்ஜரைக்கூட உருவியாச்சு." அவங்க ஊர்ல அணைக்கறதை அமத்தறதுன்னுதான் சொல்லுவாங்களாம். அத்தோட நிறுத்தியிருக்கலாமில்ல? நிறுத்தல. "மெயினையே ஒரு மட்டம் அமத்திப் பாப்போம் சார். அப்பவும் ஓடுச்சுன்னா இங்க உள்ள தப்பில்ல. மெயினுக்கு முன்னாலயே கரண்டு வேற எங்கயோ போவுதுன்னு அர்த்தம்."

எனக்குச் சொல்றான். எனக்கு! இருநூறு பேரு முன்னால, தமிழ் படிக்கறவன்.

வெச்சேன் ஒண்ணு. விரிச்ச கையி, இடது கன்னத்தோட காதையும் சேர்த்து. சத்தம் மூணாவது மாடியில எதிரொலிச்சுது. பசங்க சிரிப்பு டக்குன்னு நின்னுபோச்சு. நிக்க வேண்டியதுதானுங்க. "மேல போயி மறுபடியும் பார்த்துட்டு வாடா"ன்னேன். அவன் போகல. என்ற வாயையே பார்த்துட்டு நிக்கறான். "என்ன சார்?"ங்கறான். "மேல போயிப் பார்த்துட்டு வாடா!"ன்னு கத்துனேன். தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுட்டு, "என்ன சார் சொல்லுதிய?"ங்கறான் மறுக்காவும்.

நக்கலைப் பார்த்தீங்களா? அடி வாங்கிட்டு நக்கல். அதே பக்கம் இன்னொண்ணு வெச்சேன். கீழ உக்காந்துட்டான். மூக்குல ரத்தம் வந்துச்சு, கொஞ்சம். எந்திரிச்சு நின்னு, சட்டைக் கையில மூக்கைத் தொடைச்சுட்டு, "சத்தியமா கேக்கல சார்"ங்கறான். நான் தொண்டை கிழியக் கத்தறேன், கேக்கலியாம்! அப்பத்தான் முஷ்டியை மடக்குனேன். அவன் தலையைத் திருப்புனான். என்ற கையி பேனலோட இரும்புக் கதவுல போயி இறங்குச்சு.

எலும்பு உடையற சத்தம் நமக்குள்ளயே கேக்குமுங்க. உங்களுக்கு அந்த அனுபவம் இல்லீன்னா நல்லது. வேர்த்துக் கொட்டி அப்படியே உக்காந்துட்டேன். முதல்ல ஓடி வந்து என்னையப் பிடிச்சது யாருங்கறீங்க? அவன்தான். மூக்குல ரத்தத்தோட என்ற கையைத் தூக்கிப் பிடிச்சுட்டு, "தொங்க விடாதீய சார்"ங்கறான். யாரோ ஒரு பையனோட வண்டியில என்னைய வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. போறப்ப, "யாரும் எதையும் தொடக் கூடாது"ன்னு சொல்லிப்போட்டுத்தான் போனேன். அது அவன் காதுல விழுந்துச்சோ என்னமோ.

கொடுமுடிங்களா இது? பத்து நிமிசம் நிக்கும். இறங்கறீங்களா, டீ ஏதாச்சும்? வேண்டாமா. சரி, கேளுங்க.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் இந்த நோட்டுல இருக்குது, கொஞ்சம் மேரி சொன்னது. நான் அந்தப் பக்கம் போனதும் அவன் மெயினை அணைச்சிருக்கான். ஆஸ்டலே செத்துக் கிடக்குது, மீட்டர் லைட்டு மட்டும் மினுக்குது. பேனலுக்குப் பின்னால கையை விட்டுத் தடவியிருக்கான். மெயின் சுவிட்சுக்கு முன்னாலயே ஒரு கறுப்புக் கேபிளை ஒட்டி, பூமிக்குள்ள இறக்கியிருக்காங்க. மேல புது மண்ணு. அதைப் பார்த்துட்டே நடந்து போயி காம்பவுண்டுச் செவுத்துக்கு வந்துட்டான். செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. இட்லி மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டு ஊரெல்லாம் விக்கற கொட்டகை. வார்டனோட மச்சினன் நடத்தறது.

இங்கதானுங்க பார்க்கோணும். அவன் சும்மா போயிக் கத்தல. மேரியை மீட்டர்கிட்ட நிக்க வெச்சுட்டு, இவன் செவுத்து மேல ஏறி உக்காந்து போன்ல பேசிட்டே இருந்திருக்கான். போனை வலது காதுல வெச்சுட்டு, அந்த ஒரு காதுலயே கிரைண்டர் சத்தத்தையும் கவனிச்சுட்டு. அங்க அரிசி மாத்தறதுக்கு கிரைண்டரை நிறுத்துனா, இங்க மினுக்கறது குறையுது. ஓட்டுனா, இங்க படபடங்குது. மூணு தடவை பார்த்து, மூணு தடவையும் மணி போட்டு எழுதியிருக்கான். அந்த மாதிரி ஒரு டெஸ்டை நானே பண்ணுனதில்லீங்க. எல்லாம் நான் சொல்லிக் குடுத்த முறைதான். மார்க்கு போடறப்ப பத்துக்கு ஒம்பது போட்டேன். தேதி எழுத மறந்துட்டான், அதனால ஒண்ணு குறைச்சேன்.

அப்புறம் போயிக் கொட்டகைக் கதவைத் தட்டியிருக்கான். அங்கதான் தப்புப் பண்ணுனான். ஆடிட்டர் கதவைத் தட்டக் கூடாதுங்க, எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டே இருக்கோணும்.

உள்ள அஞ்சு பேரு. மேரி மீட்டர்கிட்டருந்து ஓடி வந்து செவுத்துச் சந்துல பார்த்திருக்குது. முதல்ல மச்சினன் முடியைப் பிடிச்சு உள்ள இழுத்திருக்கான். ரீப்பர் கட்டையில கால்ல போட்டாங்க. விழுந்தவனைக் கிரைண்டர் கல்லை நெம்பற கம்பியில மறுபடியும் அதே கால்ல போட்டாங்க. முழங்காலுக்குக் கீழ ரெண்டு இடத்துல போச்சு. முதுகுல மிதிச்சதுல விலா எலும்பு மூணு. இவன் குப்புறப் படுத்துக்கிட்டானாம், நோட்டு சட்டைக்குள்ள இருக்குதுன்னு. எந்திரிக்க மாட்டேங்கறான்னு ஒரு டிரம்மு மாவை அவன் மேல கவுத்திருக்காங்க. மேரி கத்துன கத்துல ஆஸ்டல் பசங்க செவுரு ஏறிக் குதிச்சுட்டாங்க.

இருநூறு பேருங்க. காலையிலருந்து வெந்துட்டிருந்தவனுங்க. தகரத்தைக் கையிலயே பிச்சாங்க. கிரைண்டரைத் தூக்கி ரோட்டுல போட்டாங்க. மச்சினனுக்கு முன்பல்லு நாலும் காணோம். ஒருத்தனை ஃப்ரீசர் பெட்டிக்குள்ள போட்டு மேல ஏறி உக்காந்துட்டாங்க, போலீஸ் வந்துதான் திறந்து விட்டுச்சு. வார்டன் காரு குப்புறக் கிடந்துச்சு. ரோட்டுச் சாக்கடையெல்லாம் மாவு ஓடுச்சாம், அங்கங்க சிவப்பாட்டம். எனக்கு அந்நேரம் கையில மாவுக்கட்டுப் போட்டுட்டிருந்தாங்க. நல்ல வேளை, நான் அங்க இல்ல. எனக்கு அடிதடின்னா ஆகாதுங்க.

திங்கக்கிழமை காலையில போயிப் பார்த்தா கேபிளு இல்ல. ஒரே ராத்திரியில உருவி, தோண்டுன இடத்துக்குச் சிமெண்டு பூசிட்டாங்க. யுனிவர்சிட்டி என்ன சொல்லுது தெரியுமுங்களா? பூவலிங்கம் அனுமதி இல்லாம மெயினைத் தொட்டான், அடுத்தவன் இடத்துக்குள்ள புகுந்தான், பசங்களைத் தூண்டி விட்டான், அதனால டிஸ்மிஸ் பண்ணோணுமாம், இன்னைக்குக் கமிட்டி அதுக்குத்தான். பண்ணிட்டா அஞ்சு வருசத்துக்கு வேற எங்கயும் சேர முடியாது. போலீஸ்லயும் அவன்தான் முதல் பேரு. மேரியை அவங்கப்பா பயந்துட்டு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு, போனை எடுக்கறதில்ல. ஆக, அங்க ஒரு கேபிளு இருந்துச்சுங்கறதுக்கு உலகத்துல இருக்கற ஒரே சாட்சி இந்த நோட்டுதான்.

வார்டன் என்ற வீட்டுக்கே வந்தாரு. ஆப்பிளு, ஆர்லிக்ஸு. "நாச்சிமுத்து சார், உங்க கையி பேனல்ல இடிச்சுக்கிச்சுன்னு நாங்க எழுதிக்கறோம். பையனை நீங்க அடிச்சதை யாரும் பார்க்கல. அவன் உங்க பேச்சை மீறிப் போனான்னு மட்டும் நீங்க எழுதிக் குடுத்துருங்க. நோட்டு கீட்டு ஏதாச்சும் இருந்தா எங்கிட்டக் குடுங்க"ன்னாரு. இருநூறு பேரு பார்த்ததை யாரும் பார்க்கலியாம்! இருநூறு பேரு மேலயும் கலவர கேசு இருக்குது, எவன் வாயைத் திறப்பான்னு கணக்குப் போட்டுட்டாரு. அவரு உக்காந்திருந்த நாற்காலியை ஒரே உதை. மனுசன் ஆப்பிளோட ஆப்பிளாக் கீழ உருண்டாரு. நான் விலை போற ஆளில்லீங்க. ஒரு பையனுக்கு அநியாயம் நடக்க விட மாட்டேன்.

பெரியாஸ்பத்திரிக்குப் போயி அவனைப் பார்த்தேன். காலுக்குக் கம்பி வெச்சு மேல தொங்க விட்டிருந்தாங்க. பக்கத்துல அவங்கப்பா. உப்புத் தண்ணியில நின்னு நின்னு காலெல்லாம் வெடிச்சுப் போன மனுசன். என்னையப் பார்த்ததும் எந்திரிச்சுத் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டாரு. "சார்வாளா? பய எப்பவும் ஒங்க பேச்சுத்தான் சார். கரண்டப் பத்தி இப்படிச் சொல்லித் தாறதுக்கு ஆளே கெடையாதும்பான்"னாரு. நான் அவன்கிட்டக் குனிஞ்சு, பயப்படாதே, கமிட்டியில நான் உனக்காகப் பேசறேன்னேன். "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க சார்"ன்னான். கட்டிலைச் சுத்தி வலது பக்கமாப் போயிச் சொன்னேன்.

இடது காதுல சவ்வு கிழிஞ்சு போச்சாம். கேக்கறது திரும்ப வராதுன்னுட்டாங்களாம். கட்டையில அடிச்சானுங்கல்ல, அதுலதான் போயிருக்கும். அவங்கப்பா தலையில அடிச்சுக்கிட்டு, "காலு கூடிரும் சார். எந்த நாயி பிள்ள காதுல அடிச்சிச்சோ, அவன் கை வெளங்குமா சார்?"னு கேட்டாரு. பூவலிங்கம் என்னையப் பார்த்தான். என்ற மாவுக்கட்டைப் பார்த்தான். "சாருக்கு அந்த ஸ்டூல எடுத்துப் போடுங்கப்பா"ன்னான். மரியாதை தெரிஞ்ச பையனுங்க.

நான் கிளம்பறப்ப தலகாணிக்கு அடியிலருந்து இந்த நோட்டை எடுத்துக் குடுத்தான். "நாளைக்குத்தான் கடைசித் தேதி சார்"ன்னான். நான் குடுத்த வீட்டுப் பாடத்தைச் சமர்ப்பிக்கறானாம்! சிரிப்பா வந்துச்சு எனக்கு. வெளிய வந்து வண்டி நிறுத்தற இடத்துல சித்த நேரம் அழுதேன். எதுக்கு அழுதேன்னு தெரியல.

வீட்டுக்கு வந்து படிச்சேன். பாருங்க, நீங்களே பாருங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்குது. நான் சொன்ன மாதிரியே எழுதியிருக்கான், பார்த்ததை மட்டும். '11.07: எல்லா அறைகளும் அணைக்கப்பட்டன. 11.10: மீட்டர் விளக்கு நிற்கவில்லை.' சரி. அப்புறம் இது. '11.14: ஆசிரியர் இடது காதின் மீது அடித்தார். 11.15: இடது காதில் விசில் போல ஒரு சத்தம். ஆசிரியரின் வாய் அசைகிறது, சொல்வது கேட்கவில்லை. 11.16: ஆசிரியர் மறுபடியும் அதே இடத்தில் அடித்தார். 11.18: இடது காதில் எந்தச் சத்தமும் இல்லை.'

இதை எதுக்குங்க எழுதோணும்? கரண்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவன் கடியாரம் தப்பா ஓடியிருக்கும். இல்லீன்னா பின்னால ஆஸ்பத்திரியில உக்காந்து எழுதியிருப்பான், அடி வாங்குன குழப்பத்துல எது முன்ன எது பின்னன்னு தெரியாம. கட்டையில அடிச்சது கால்லதான், மிதிச்சது முதுகுலதான், அதெல்லாம் சரிதான். ஆனா அஞ்சு பேரு அடிக்கறப்ப ஒண்ணு ரெண்டு காதுல படாமலா இருந்திருக்கும்? மேரி சந்துல பார்த்தது, எல்லாமா தெரிஞ்சிருக்கும்?

நாலு நாளாத் தூக்கமில்லீங்க. கண்ணை மூடுனா, அவன் தலையைச் சாய்ச்சுட்டு "என்ன சார்"ங்கறான்.

இந்தத் தாளைத் திருப்புங்க. பின்பக்கம். '11.40: மெயின் நிறுத்தப்பட்டது. விளக்கு நிற்கவில்லை.' கேபிளு, கிரைண்டரு, மேரி பார்த்தது, மூணு தடவை, மணி நிமிசத்தோட. கடைசியில, '12.41: கதவைத் தட்டினேன்.' எல்லாம் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் நானு, இந்தப் பக்கம் கேபிளு. ஒரே தாளு. நாப்பது பக்க நோட்டுல அந்தப் பையனுக்கு வேற தாளா கிடைக்கல?

முன்பக்கத்துல அந்த நாலு வரியை அடிச்சு விடலாமான்னு பார்த்தேன். அடிச்சா, என்னத்தை அடிச்சீங்கன்னு கேப்பாங்க. நானே ஆடிட்டரா இருந்தா நானே கேப்பேன். முழுசாக் கமிட்டிக்குக் குடுத்தா, முதல் பக்கத்தைப் படிச்ச உடனே கேபிளை விட்டுப்போட்டு என்னையத்தான் பிடிப்பாங்க. காது போன கேசுங்க, வேலை போகும், உள்ளயும் வெப்பாங்க. எனக்கும் புள்ளை காலேஜ் படிக்குது. உள்ள போயிட்டா அப்புறம் பூவலிங்கத்துக்காகப் பேசறதுக்குத்தான் யாரு இருக்காங்க? அதை யோசிக்கோணுமில்ல?

அதனால நேத்து முடிவு பண்ணிட்டேன். இந்த ஒரு தாளு வேண்டாம். கேபிளைப் பத்தி நான் வாயிலயே சொல்லிக்கறேன். இருபத்தாறு வருச அனுபவம், நான் சொன்னா நம்ப மாட்டாங்களா? அடிச்சுச் சொல்லுவேன், மேசையைத் தட்டிச் சொல்லுவேன். அவனைக் காப்பாத்தாம அந்த ரூமை விட்டு வெளிய வர மாட்டேன், பாருங்க.

வீட்டுலயே கிழிச்சிருப்பேன், என்ற வீட்டுக்காரி பக்கத்துலயே உக்காந்திருந்தா. எதுக்குன்னு கேப்பா. இதுல இன்னொரு கெரகம், அன்னைக்கு அவன் மேல கவுத்த மாவு காஞ்சு இந்தத் தாளும் அடுத்த தாளும் ஓரத்துல ஒட்டிக்கிச்சு. ஒரு கையில இழுத்தா நோட்டே பிஞ்சுட்டு வருது. பல்லுல கடிச்சுக்கூடப் பார்த்தேன். இடது கைக்கு இந்த வேலையெல்லாம் எங்கீங்க தெரியுது.

சித்த ஒரு உபகாரம் பண்ணுங்க. இந்த அட்டையை மட்டும் ரெண்டு கையிலயும் அழுத்திப் பிடிச்சுக்கங்க. நான் மெதுவா இழுத்துக்கறேன். ஒரு நிமிச வேலைதான்... ஏனுங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. கரூரே இன்னும் வரலீங்க. நீங்க திருச்சிக்குத்தான டிக்கெட் எடுத்தீங்க?